வெற்றிடத்துக்கு ஊற்றிய எண்ணெய்

ஜனவரி 8, திங்கள்

டிஃப்யூஷன் பம்பின் எண்ணெய் இன்று கெட்டுப்போனது. பழைய எண்ணெய், என்றைக்காவது கெடத்தான் செய்யும்.

மதியம் டீ குடிக்க மேலே போனேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வரும்போது அடித்தளப் படிக்கட்டிலேயே கருகல் வாடை. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அணைந்து கிடந்தது. பம்பைத் தொட முடியவில்லை, அப்படிக் கொதித்தது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்று பல்கலைக்கழகத்தின் மேல்தொட்டியைக் கழுவுகிறார்களாம். எட்டு வருடமாக யாரும் எட்டிப் பார்க்காத தொட்டி. கழுவுகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தண்ணீர் நின்றால் ஹீட்டரை நிறுத்த வேண்டிய சுவிட்ச் வேலை செய்யவில்லை.

நல்லவேளை, சுடர்க்கொடி காலை பதினொரு மணிக்கே படமெடுத்து முடித்துப் போய்விட்டாள். ஐந்தாம் வருட ஆராய்ச்சி மாணவி. அறுகம்புல் சாற்றில் வெள்ளித் துகள் செய்கிறாள். அதனால் யாருக்கு என்ன பயன் என்று அந்தப் பிள்ளையாருக்குத்தான் தெரியும். ஆனால் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டை மறக்கிற பெண்.

வரும் வழியில் நெத்திலி வாங்கினேன். இரண்டு முறை கையைக் கழுவியும் மீன் வாடைக்கு மேல் அந்தக் கருகல் வாடைதான் வந்தது.

ஜனவரி 9, செவ்வாய்

பம்பைக் கழற்றினேன். தேன் மாதிரி இருக்க வேண்டிய எண்ணெய் தார் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

பார்வையாளர்களுக்கு நான் ஒப்பிக்கிற விளக்கம் உண்டு. மைக்ராஸ்கோப்புக்குள் காற்று இருக்கக் கூடாது, இருந்தால் எலெக்ட்ரான் முட்டிச் சிதறிவிடும். சாதாரண பம்பு பெரும்பகுதிக் காற்றை இழுத்துவிடும். மிச்சத்தை இழுக்க இந்த எண்ணெய் பம்பு. அடியில் எண்ணெய் கொதிக்கும், இட்லிப் பானையில் தண்ணீர் கொதிப்பது போல. ஆவி மேலே ஏறிக் குடை மாதிரி கீழ்நோக்கிப் பாயும், காற்றின் துகள்களை அடித்துக் கீழே தள்ளும். சுவரைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் ஆவி குளிர்ந்து மறுபடி எண்ணெயாகிக் கீழே வழியும். தண்ணீர் நின்றால் பானை காலி. குழந்தைக்கும் புரியும் என்று எல்லோரும் பாராட்டுவார்கள்.

இந்த மிஷினுக்கு என்று தனி எண்ணெய் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எட்டு மாதமாக அதற்கான கோப்பு கொள்முதல் பிரிவில் தூங்குகிறது.

இயக்குநர் கனகசபாபதி சாரிடம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். "சார், பம்புல ஒரு பிரச்சினை" என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டினார்.

"பதினெட்டாம் தேதி குழு வருது, ஜெசிந்தா. அன்னிக்கு மிஷின் ஓடணும். எப்படிங்கறத எங்கிட்ட சொல்லாதீங்க. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன்."

நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உண்மையைச் சொல்வதுதான் சிரமம்.

ஜனவரி 10, புதன்

பம்பை மூன்று முறை அசிட்டோனில் கழுவி மாட்டினேன். எண்ணெய் ஊற்றினேன். பக்கத்து அறையில் பூச்சுப் போடும் கோட்டிங் யூனிட்டுக்கு வைத்திருக்கும் சிலிகான் எண்ணெய். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது.

ஒரு வாரத்துக்குத்தான். குழு போனதும் கழுவிவிட்டு, சரியான எண்ணெய் வரும்வரை மிஷினை நிறுத்திவைக்கலாம்.

லாக் புத்தகத்தில் "பம்பு பராமரிப்பு, சுத்தம் செய்யப்பட்டது" என்று எழுதினேன். அது பொய் இல்லை.

முன்னைவிட நல்ல வெற்றிடம் வந்தது. அந்த எண்ணெய்க்குக் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை.

ஜனவரி 14, ஞாயிறு

மேல் வீட்டுக்காரர்கள் இரண்டு கிண்ணம் பொங்கல் கொடுத்தார்கள். சர்ச்சில் பூசைக்குப் போய் வந்தோம். நாள் முழுக்கப் பம்பை நினைக்கவில்லை, இதை எழுதும்வரை.

ஜனவரி 18, வியாழன்

குழு வந்தது, இட்லிப் பானைக் கதையைக் கேட்டது, சிரித்தது, போனது. ஒன்பது வருடமாக நான் தற்காலிகப் பணியாளர் என்று கேட்டு ஒருவர் "அப்படியா!" என்றார். நிரந்தரப் பணிக்கான நேர்முகத்தேர்வு மார்ச்சில் நடக்கும் என்று சார் அவரிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஜனவரி 19, வெள்ளி

எண்ணெயைக் கழுவிவிட்டு மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும். சுடர்க்கொடிக்கு நாளைக்கும் மறுநாளைக்கும் மிஷின் வேண்டுமாம். மார்ச் 31-இல் அவள் உதவித்தொகை முடிகிறது. அவளுக்காகத்தான் நிறுத்தவில்லை.

ஜனவரி 25, வியாழன்

சுடர்க்கொடி கத்திய கத்தலில் ஏதோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடினேன்.

"அக்கா, பாருங்கக்கா! ஒவ்வொரு துகளச் சுத்தியும் ஒரு உறை!"

திரையில் கறுப்பு வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளையம், மூன்று நானோமீட்டர். அதில் என்ன இருக்கிறது என்று எக்ஸ்-ரேயில் பார்த்தாள். சிலிக்கானும் ஆக்சிஜனும்.

"புல்லுல சிலிகா இருக்குல்லக்கா? அறுகம்புல்தான் வெள்ளிக்குக் கண்ணாடிச் சட்டை போட்டு விட்டிருக்கு. யாரும் இதுவரைக்கும் பாத்ததில்ல!"

புல்லில் சிலிகா உண்டு. உண்மைதான். அறுக்கும்போது கையைக் கிழிப்பதே அதுதான். இருக்கலாம்.

கேன்டீனில் எனக்குப் பருத்திப்பால் வாங்கித் தந்தாள். சர்க்கரை அதிகம்.

பிப்ரவரி 1, வியாழன்

படம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. எலெக்ட்ரான் நுழையும் துளைத்தகடுகளைச் சுத்தம் செய்தேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்கிற வேலை, இப்போது வாரம் ஒரு முறை.

பிப்ரவரி 5, திங்கள்

மிஷினை யாரும் கேட்கவில்லை. துகள் எதுவும் ஏற்றாத வெறும் கிரிட் தகடு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன். உளுந்து சரியாகப் பொங்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

நேற்று பார்த்ததை எழுதவில்லை. எழுதிவிடுகிறேன், இங்கேயாவது.

அந்தக் கிரிட்டில் வெள்ளி இல்லை, புல் இல்லை, ஒன்றுமே இல்லை. அதன் மேலிருக்கும் மெல்லிய கரித்தாளின் ஓட்டை ஓரத்தில் எலெக்ட்ரான் பீமை நிறுத்தினேன். என் கண் முன்னாலேயே ஓரம் தடித்தது. ஐந்து நிமிடத்தில் இரண்டு நானோமீட்டர், பத்து நிமிடத்தில் நான்கு. எக்ஸ்-ரேயில் பார்த்தேன். சிலிக்கான்.

எண்ணெய் ஆவியில் கொஞ்சம் எப்போதும் மேலே ஏறும். எலெக்ட்ரான் பட்ட இடத்தில் அது வெந்து படியும். சரியான எண்ணெய் என்றால் மிகக் கொஞ்சம், கரியாகப் படியும். சிலிகான் எண்ணெய் கண்ணாடி மாதிரி படியும். அதற்காகத்தான் மைக்ராஸ்கோப்பில் அதை ஊற்றக் கூடாது என்கிறார்கள். பயிற்சியின் முதல் வாரத்திலேயே எனக்குச் சொன்னது இது.

அறுகம்புல் யாருக்கும் சட்டை போடவில்லை. சுடர்க்கொடி கண்டுபிடித்திருப்பது நான் ஊற்றிய எண்ணெயை.

பிப்ரவரி 7, புதன்

சொல்லிவிடலாம் என்று அவளுடைய ஆய்வறைக்குப் போனேன். கட்டுரையை அனுப்பிவிட்டாளாம். ஊரில் அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமாப்பா, நம்ம வரப்புல கெடக்குமே, அதே புல்லுதான்." மூன்று நிமிடம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

இன்று ஒரே நாளில் இரண்டு வந்தன.

ஒன்று, நேர்முகத்தேர்வுக் கடிதம். மார்ச் 14, காலை பத்தரை.

இரண்டு, சரியான எண்ணெய். சின்னப் பாட்டில். ஒன்பது மாதம் தூங்கிய கோப்பு இன்றுதான் விழிக்க வேண்டுமா! பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. பம்பைக் கழுவி இதை ஊற்றிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பாதிப் படியில் உறைத்தது. ஊற்றினால் உறை காணாமல் போகும். நாளைக்கு அவள் அதே துகளைப் போட்டுப் பார்த்து, உறை எங்கே என்று கேட்பாள்.

சாரிடம் போய், பம்பைப் பிரித்து எண்ணெய் மாற்றட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

"இப்ப எதுக்கு? நல்லா ஓடுது. அந்தப் பொண்ணோட கட்டுரை மதிப்பீட்டுல இருக்கு, இன்னும் ரெண்டு படம் கேட்டாலும் கேப்பாங்க. மார்ச் முடியற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

பாட்டில் என் பீரோவில் இருக்கிறது. ஊற்றினாலும் மாட்டுவேன், ஊற்றாவிட்டாலும் மாட்டுவேன். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஒன்பது வருடத்தில் இன்றுதான் எனக்கு மூச்சு முட்டியது.

பிப்ரவரி 20, செவ்வாய்

தாங்க முடியாமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆரோக்கியம் பஸ் டிப்போவில் மெக்கானிக், எண்ணெய் தெரிந்த மனிதர்.

"மாத்தி ஊத்திட்ட. சரி. வண்டி ஓடுதுல்ல?"

"ஓடுது."

"யாருக்காச்சும் அடிபட்டுச்சா?"

"இனிமேத்தான் படும்."

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மார்ச்ல இன்டர்வியூ. அது வரைக்கும் வாய மூடிட்டு இரு. ஒம்போது வருஷம் நாயாப் பேயா அலஞ்சிருக்க. அப்புறமா மெதுவாச் சொல்லு."

"அப்புறம்னா அவ தீசிஸ் போயிரும்ங்க. அது அச்சாயிரும்."

"அப்போ என்னய எதுக்குக் கேக்குற? ஒனக்கே தெரியுதுல்ல" என்று எழுந்துவிட்டார். ரசம் ஊற்றிக்கொள்ளவே இல்லை.

மார்ச் 1, வியாழன்

கட்டுரை ஏற்கப்பட்டுவிட்டது. சுடர்க்கொடி அதன் கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றி சொல்லும் இடத்தில் என் பெயர்.

"மிஷினக் கொழந்த மாதிரி பாத்துக்கிட்டது நீங்கதானக்கா. சார் பேருக்கு முன்னாடியே போடச் சொன்னேன், அவரு மாத்திட்டாரு."

"சுடர், அந்த உறை விஷயத்துல ஒனக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சுக்கா, ஆரம்பத்துல. அப்புறம் சரிபாத்துட்டேன்."

எப்படிச் சரிபார்த்தாய் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று பயந்து, "நல்லா இரும்மா" என்றேன். அவளிடம் எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு படித்தவள், ஒரு வெறும் கிரிட்டைப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா? இந்தத் தலைவலி எனக்கு மிச்சமாகியிருக்கும். நான் எவ்வளவு கேவலமாக யோசிக்கிறேன் என்று எழுதிவைக்கிறேன்.

மார்ச் 5, திங்கள்

ஜனவரி எட்டாம் தேதிப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். திருத்தம்.

டீ குடிக்கப் போகவில்லை. நிர்வாகக் கட்டடத்துக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனேன், இந்த நிரந்தர வேலைக்காகத்தான். வரிசையில் நின்றேன். பத்து நிமிடம் இல்லை, இரண்டு மணி நாற்பது நிமிடம். பம்பு ஓடும்போது அறையை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. விதியைச் சுவரில் ஒட்டியவளும் நான்தான்.

சுவிட்ச் வேலை செய்யவில்லை என்பதும் பொய். நான்தான் வேலை செய்ய விடவில்லை. கோடையில் தண்ணீர் அழுத்தம் குறையும்போதெல்லாம் அது மிஷினை அணைத்துவிடும், பிள்ளைகள் பாதிப் படத்தில் எழுந்து போவார்கள். அதனால் அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து வைத்தேன். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் வருகிறது என்றே மிஷின் நம்பும். எனக்குத் தெரிந்த முக்கால்வாசி ஆய்வகத்தில் இப்படித்தான். இரண்டு வருடமாகக் கம்பி அங்கே இருந்தது. ஒன்பதாம் தேதி காலையில் எடுத்துவிட்டேன், யாரும் பார்க்கும் முன்னால்.

எண்ணெய் பழையதும் இல்லை. நன்றாக இருந்த எண்ணெய்.

மார்ச் 12, திங்கள்

கேள்வி பதில் படித்தேன். எல்லாம் தெரிந்ததுதான். புடவை இஸ்திரிக்குக் கொடுத்தேன்.

மார்ச் 14, புதன்

நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் கனகசபாபதி சார். நடுவில் வெளியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர், காதில் கருவி மாட்டியிருந்தார். மற்ற இருவரும் பெயர், அனுபவம் கேட்டு முடித்ததும் அவர் முன்னால் சாய்ந்தார்.

"ஏம்மா, சிலிகான் ஆயில் சீக்கிரம் கிடைக்குது. காத்து பட்டாலும் அவ்வளவா கெடாது. கோட்டிங் யூனிட்ல எல்லாரும் அதைத்தான் போடுறோம். மைக்ராஸ்கோப் பம்புல மட்டும் ஏன் கூடாதுங்கறாங்க?"

பதில் தானாக வந்தது. ஆவி மேலே ஏறும், பீம் பட்டால் கண்ணாடி மாதிரிப் படியும், அது மின்சாரத்தைக் கடத்தாது, துளைத்தகட்டில் படிந்தால் மின்னேற்றம் சேர்ந்து படம் நகரும்.

"பேஷ். சாம்பிள் மேல படியுமா?"

"படியும் சார்."

"எவ்வளவு படியும்? சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லுங்க."

"அஞ்சு நிமிஷத்துல ரெண்டு நானோமீட்டர் சார். பத்து நிமிஷம் பீம நிறுத்துனா நாலு."

அவர் சிரித்துவிட்டார். "இவ்வளவு கணக்கா எந்தப் புத்தகத்துலயும் போட்டிருக்க மாட்டானே! எங்க பாத்தீங்க?"

ஒரு கட்டுரையில் படித்தேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நாக்கு நுனியில் இருந்தது. வேலையும் கிடைத்திருக்கும், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சாருடைய பேனா மட்டும் நின்றுவிட்டது. அவர் வேதியியல்காரர். இரண்டுக்கும் நான்குக்கும் நடுவே சுடர்க்கொடி கட்டுரையின் மூன்று நானோமீட்டர் உறை இருப்பது அவருக்கு உறைக்க ஆரம்பித்திருந்தது.

"இங்கதான் சார் பாத்தேன். கீழ, நம்ம மிஷின்ல. ஜனவரி பத்தாம் தேதி நான்தான் சிலிகான் ஆயில ஊத்துனேன். இன்னும் அதுலதான் ஓடுது."

கம்பியையும் சொன்னேன், இரண்டு மணி நாற்பது நிமிடத்தையும் சொன்னேன். பேராசிரியர் காதுக் கருவியை ஒரு முறை தொட்டுச் சரிசெய்துகொண்டார். "நீங்க போகலாம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் அதற்குமேல் ஒன்றும் இல்லை. சார் என்னைப் பார்க்கவே இல்லை.

பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். வெளியே சுடர்க்கொடி இனிப்புப் பெட்டியோடு நின்றிருந்தாள்.

"என்னக்கா கேட்டாங்க? நல்லாச் சொன்னீங்களா?"

நான்கு பேரிடம் சொன்னது ஒன்றுமே இல்லை. அவளை வராந்தா முனைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். எண்ணெய் என்ற வார்த்தை வந்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. புத்திசாலிப் பெண். பாதியிலேயே அவள் முகம் வேறு யாரோ ஒருத்தியின் முகமாகிவிட்டது. அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எந்தத் தேதிலேர்ந்து?" என்று மட்டும் கேட்டாள். அக்கா என்று சொல்லவில்லை.

"ஜனவரி பத்து."

"பொய் சொல்லாதீங்க. லாக் புக்ல அப்படி எதுவும் இல்ல. நான் பாத்தேன். சிலிக்கான் வந்த அன்னிக்கே எனக்குப் பம்பு ஆயில் மேலதான் சந்தேகம். லாக் புக்க மூணு மாசத்துக்குப் பின்னாடி வரைக்கும் ஒவ்வொரு வரியா படிச்சேன். ஆயில் மாத்துனதா எங்கயும் இல்ல. எழுதியிருக்கறது உங்க கையெழுத்து. அதனாலதான் விட்டுட்டேன்."

அவள் சரிபார்த்தது அதைத்தான்.

"எட்டாம் தேதி காலையில நான் எடுத்த படம்?"

"அது நல்ல எண்ணெய்லதான் எடுத்தது."

"அதுல உறை இல்ல. சாம்பிள் சரியா வரலன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

பத்திரிகைக்கு இன்றைக்கே எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னாள். பதினேழு நாளில் முழுவதையும் மறுபடி எடுக்க முடியுமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பெட்டியை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நடந்து போய்விட்டாள்.

மார்ச் 15, வியாழன்

காலையில் பம்பைக் கழுவி, நல்ல எண்ணெயை ஊற்றி ஓட்டிவிட்டேன். சாருக்கு நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாளையிலிருந்து நான் வர வேண்டுமா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குச் சுடர்க்கொடி கீழே வந்தாள். வெறும் கிரிட்டைத்தான் முதலில் போட்டாள். அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்: "ஒவ்வொரு நாளும் மிஷின்ல என்ன நடந்துச்சுன்னு எனக்கு எழுத்துல வேணும். தேதியோட. லாக் புக் வேண்டாம்."

தேதியோடு எழுதியது இந்த நோட்டு மட்டும்தான். படியெடுத்துத் தரலாம் என்று உட்கார்ந்தேன். படியெடுத்தால் எதையாவது விடுவேன், என்னை எனக்குத் தெரியும். நோட்டையே கொடுக்கிறேன்.

சுடர், நடுவில் மீனும் மாவும் எங்கள் வீட்டுச் சண்டையும் வரும், தள்ளிக்கொண்டு படி. உன்னைப் பற்றி மட்டமாக எழுதியிருக்கும் இடங்களையும் நான் அடிக்கவில்லை. ஒன்றை அடித்திருந்தாலும் மற்றதை நீ நம்ப முடியாது.